ஒரு மருத்துவமனை, இரண்டு நாடு: ஐரோப்பிய எல்லையோர உள்ளாட்சிகள் எந்தச் சட்டத்தை வைத்துக் கூட்டுச் சேர்கின்றன? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பிரனீஸ் மலைகளுக்கு நடுவே செர்தான்யா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1659-இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கை அதை இரண்டாகக் கிழித்தது. பிரான்சுக்கு 33 கிராமங்கள் என்று பேச்சு. லீவியா என்ற ஊர் மட்டும் "நாங்கள் கிராமம் இல்லை, நகரம்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டது. இன்றைக்கும் அது பிரெஞ்சு நிலத்தால் சூழப்பட்ட ஸ்பானிஷ் ஊர்தான்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஸ்பெயின் பக்கம் உள்ள புச்செர்தா என்ற ஊரில் 2014 செப்டம்பரில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். 64 படுக்கை. நடத்துவது இரண்டு நாடுகளும் சேர்ந்து. எல்லை தாண்டிய ஒத்துழைப்புச் சட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கட்டடம்தான். அதனால் கீழே உள்ள பதில்களிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

இரண்டு ஊர் மேயர்கள் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டால் போதாதா?

கலாசார விழா, பள்ளிப் பிள்ளைகள் வந்துபோவது, இரட்டை நகரப் பலகை என்றால் போதும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சேர்ந்து கழிவுநீர் நிலையம் கட்டுவது, பேருந்து விடுவது, ஆள் நியமிப்பது என்று வரும்போதுதான் சிக்கல்.

ஒரு நகராட்சிக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? அதன் நாட்டுச் சட்டத்திலிருந்து. அந்த அதிகாரம் எல்லைக்கோட்டோடு நின்றுவிடும். அந்தப் பக்கத்து நகராட்சிக்கும் இதே கதை. அப்புறம், வெளியுறவு என்பது தலைநகரத்தின் வேலை என்றுதான் எல்லா நாடும் நினைக்கிறது. வெளிநாட்டு நகராட்சியோடு பணம் கொடுக்கல் வாங்கல் என்று ஒரு மேயர் கையெழுத்துப் போட்டால், "இது உங்கள் அதிகாரத்தில் இல்லை" என்று சொல்லி அதை ரத்து செய்ய மேலே ஆள் இருக்கிறது. தகராறு வந்தால் எந்த நீதிமன்றம், எந்தச் சட்டம் என்பதும் தெரியாது. இந்த ஓட்டைகளை அடைக்கத்தான் இத்தனை உடன்படிக்கைகள்.

சட்டம் வருவதற்கு முன்னால் யாரும் எதுவும் செய்யவில்லையா?

செய்தார்கள். எப்போதுமே ஊர்கள் முன்னால் போய்விடும், சட்டம் பின்னால் மூச்சுவாங்க ஓடிவரும். நெதர்லாந்தின் என்ஸ்கெடே, ஜெர்மனியின் க்ரோனாவ் ஊர்களைச் சுற்றியிருந்த உள்ளாட்சிகள் 1958-லேயே 'யூரேகியோ' என்ற கூட்டமைப்பைத் தொடங்கிவிட்டன. போர் முடிந்து பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கென்று பொருத்தமான சட்ட உரு எதுவும் அப்போது கிடையாது. பிற்பாடு ஜெர்மன் சட்டப்படி பதிவான சங்கமாக ஓட்டினார்கள். அது பொதுச்சட்ட அமைப்பாக மாறியது 2016-இல்தான். ஐம்பத்தெட்டு வருடம்!

1980 மாட்ரிட் உடன்படிக்கை என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஐரோப்பியக் கவுன்சில் கொண்டுவந்தது. இதை ஐரோப்பிய ஒன்றியத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கவுன்சில் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிறது, மனித உரிமை நீதிமன்றம் அதனுடையது, ஒன்றியத்தில் இல்லாத நாடுகளும் அதில் உண்டு.

1980 மே 21 அன்று மாட்ரிட்டில் கையெழுத்தாகி, 1981 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. பக்கத்து நாட்டு உள்ளாட்சியோடு நம் உள்ளாட்சி சேர்ந்து வேலை செய்வதற்கு வழிவிடுகிறோம், ஊக்கமும் கொடுக்கிறோம் என்று நாடுகள் ஒப்புக்கொண்டன. அவ்வளவுதான். பின்னிணைப்பில் மாதிரி ஒப்பந்தங்கள் நிறைய வைத்தார்கள், ஆனால் அவை கட்டாயமில்லை. உள்ளாட்சிக்கு நேரடியாக ஓர் உரிமை பிறந்ததா என்றால், இல்லை. பிரான்ஸ் போன்ற நாடுகள், முதலில் பக்கத்து நாட்டு அரசோடு தனி ஒப்பந்தம் வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் என்று சொல்லிவிட்டன. என் கணக்கில் இது கதவைத் திறந்த ஆவணம் இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தைச் சுவரில் சாக்பீஸால் வரைந்த ஆவணம்.

குறை தெரிந்துதான் பின்னால் மூன்று நெறிமுறைகள், அதாவது துணை உடன்படிக்கைகள், சேர்த்தார்கள். 1995 நெறிமுறை முக்கியம்: உள்ளாட்சிகள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உரிமையை அது வெளிப்படையாக ஏற்றது, கூட்டு அமைப்புக்குச் சட்ட ஆளுமை தரலாம், அதாவது சட்டத்தின் முன் அதைத் தனி ஆளாகக் கருதலாம் என்றது. 1998-இல் வந்தது, எல்லையை ஒட்டியிராத ஊர்கள் கூடுவதைப் பற்றி. 2009-இல் உட்ரெக்ட் நகரில் வந்த மூன்றாவது, தனி வகைக் கூட்டமைப்பு ஒன்றையே உருவாக்கியது. இதற்கிடையில் 1985-இல் வந்த உள்ளாட்சித் தன்னாட்சிச் சாசனமும் 10-ஆம் பிரிவில், சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு வெளிநாட்டு உள்ளாட்சிகளோடு ஒத்துழைக்கும் உரிமையைச் சொல்லிவைத்திருக்கிறது.

கார்ல்ஸ்ரூஹே, ஆன்ஹோல்ட், பயோன்... இந்த ஊர்ப் பெயர்களெல்லாம் எதற்கு வருகின்றன?

அவைதான் அந்தத் தனி ஒப்பந்தங்கள். மாட்ரிட் கூரை என்றால் இவை தூண்கள்.

1991-இல் ஆன்ஹோல்ட் ஒப்பந்தம்: நெதர்லாந்து, ஜெர்மனி, அதன் எல்லையோர மாநிலங்கள் இரண்டு. யூரேகியோ கடைசியில் பொதுச்சட்ட அமைப்பானது இதன் கீழ்தான். 1995-இல் பயோன்: பிரான்ஸ், ஸ்பெயின். 1996 ஜனவரியில் கார்ல்ஸ்ரூஹே: பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து நான்கும். 2002-இல் வலென்சியா: ஸ்பெயின், போர்ச்சுகல். இவற்றுக்கெல்லாம் முன்பே, 1977-இல், டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் நான்கும் தங்களுக்குள் ஒன்று போட்டுக்கொண்டன. பெனலக்ஸ் நாடுகளுக்கு (பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்) 1986-இல் தனி உடன்படிக்கை. பெல்ஜியமும் நெதர்லாந்தும் துண்டுதுண்டாகக் கலந்து கிடக்கும் பார்லே என்ற ஊரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாசற்கதவு எந்த நாட்டில் இருக்கிறதோ வீடும் அந்த நாடு. அங்கே இரண்டு நகராட்சிகளுக்கும் பொதுவான ஓர் அமைப்பு இருப்பதற்கு அடிப்படை இந்தப் பெனலக்ஸ் உடன்படிக்கைதான்.

கார்ல்ஸ்ரூஹே ஒப்பந்தம் 'எல்லை தாண்டிய உள்ளூர்க் கூட்டமைப்பு' என்ற சட்ட உருவைக் கொடுத்தது. ஜெனிவாவுக்குப் பக்கத்தில், பிரெஞ்சு நிலத்தில் சலேவ் என்ற மலை இருக்கிறது. அதற்கு ஏறும் ரோப்காரைப் பிரெஞ்சு, சுவிஸ் தரப்புகள் சேர்ந்து இந்த உருவில்தான் வைத்திருந்தன.

சரி, இஜிடிசி என்பது என்ன? மற்றதிலிருந்து எப்படி வேறு?

நீட்டி எழுதினால் 'எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்கான ஐரோப்பியக் கூட்டமைப்பு'. இஜிடிசி என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். இது ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தச் சரக்கு: 2006 ஜூலையில் வந்த 1082 எண் ஒழுங்குமுறை, 2013-இல் திருத்தப்பட்டது.

பெரிய வேறுபாடு ஒன்றுதான். இது 'ஒழுங்குமுறை'. ஒன்றியச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. எல்லா உறுப்பு நாடுகளிலும் நேரடியாகச் செல்லும். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் தனி உடன்படிக்கை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம். பதிவானதும் அந்தக் கூட்டமைப்பு சட்டத்தின் கண்ணில் ஒரு தனி ஆள். சொத்து வாங்கலாம், ஆள் வைக்கலாம், வழக்குப் போடலாம், அதன்மேலும் வழக்குப் போடலாம். குறைந்தபட்சம் ஒரு பொதுக்குழுவும் ஓர் இயக்குநரும் வேண்டும். நகராட்சி, மாநிலம், பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனங்கள், ஏன், நாடே கூட உறுப்பினராகலாம்.

முதலாவது 2008 ஜனவரியில் வந்தது: பிரான்சின் லில், பெல்ஜியத்தின் கோர்ட்ரைக், துர்னே மூன்று நகரங்களையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்த யூரோமெட்ரோபோல். இருபது லட்சத்துக்கு மேல் மக்கள். இரண்டு நாட்டு அரசுகளும் அதில் உறுப்பினர்கள். புச்செர்தா மருத்துவமனையும் இஜிடிசிதான், 2010-இல் அமைக்கப்பட்டது.

தொடங்க எவ்வளவு நாள் ஆகும்?

தாளில் ஆறு மாதம். சேரப்போகிறவர்கள் ஒரு உடன்பாடும் ஒரு விதித்தொகுப்பும் எழுதி, அவரவர் நாட்டு அரசிடம் கொடுக்க வேண்டும். அரசு ஆறு மாதத்துக்குள் ஆட்சேபிக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம். இது 2013 திருத்தத்தின் நல்ல பரிசு. முன்பு மூன்று மாதம் என்று எழுதிவைத்துவிட்டு, அது தாண்டினால் என்ன என்று சொல்லாமல் விட்டிருந்தார்கள். ஒரே ஒரு விலக்கு: தலைமையகம் எந்த நாட்டில் அமைகிறதோ அந்த நாடு மௌனமாக இருந்தால் பற்றாது, வாய்திறந்து சம்மதிக்க வேண்டும்.

நிஜத்தில், அந்த உடன்பாட்டை எழுதி முடிப்பதற்குள் வருடங்கள் போய்விடும். தலைமையகம் எந்தப் பக்கம் என்ற ஒரு கேள்விக்கே எத்தனை கூட்டம்!

தலைமையகம் எங்கே என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

எல்லாமே இருக்கிறது. இஜிடிசிக்கு முதலில் ஒன்றியத்தின் ஒழுங்குமுறை, அடுத்து உறுப்பினர்கள் எழுதிய உடன்பாடு. இந்த இரண்டும் பேசாத விஷயங்களில் தலைமையகம் உள்ள நாட்டின் சட்டம். கணக்குத் தணிக்கை, பொதுவாக ஆட்களின் வேலை விதி, சாதாரணமாக நீதிமன்றம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும்.

யூரோமெட்ரோபோல்காரர்கள் இதை நாசூக்காகத் தீர்த்தார்கள். பதிவு லில்லில், அதனால் பிரெஞ்சுச் சட்டம். நிர்வாக அலுவலகம் கோர்ட்ரைக்கில், பெல்ஜியத்தில். ஆளுக்குக் கொஞ்சம். செர்தான்யா மருத்துவமனைக்கு ஸ்பானிஷ் சட்டம். கட்டடம் அங்கே இருக்கிறது, வேறு என்ன செய்வது?

இஜிடிசி அபராதம் போடலாமா, போலீஸ் வைக்கலாமா?

கூடாது. போலீஸ், நீதி, வெளியுறவு, சட்டம் இயற்றும் அதிகாரம் எதுவும் அதற்குப் போகாது. சேவை நடத்தலாம், கட்டலாம், திட்டமிடலாம். பொது ஒழுங்குக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்து என்றால் எந்த நாடும் தன் நிலத்தில் அதன் வேலையைத் தடுக்கவும் முடியும்.

கடன் ஏறினால் யார் தலையில் விடியும்?

உறுப்பினர்கள் தலையில், அவரவர் பங்களிப்பு விகிதப்படி. பொறுப்புக்கு வரம்பு கட்டிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் ஒரு நாட்டுச் சட்டப்படி ஒரு உறுப்பினருக்கு வரம்பு இருந்தால் மற்றவர்களும் கட்டிக்கொள்ளலாம், பெயரிலேயே 'வரையறுக்கப்பட்ட' என்று போட வேண்டும். கடன் கொடுப்பவருக்குத் தெரிய வேண்டுமே.

யூரோரீஜியன், யூரோடிஸ்ட்ரிக்ட், யூரோசிட்டி: இவை தனித்தனிச் சட்ட வகைகளா?

இல்லை, எல்லை தாண்டிய கூட்டமைப்புகள் தங்களுக்கு மாட்டிக்கொள்ளும் பெயர்ப்பலகைகள். கேட்க அழகாக இருக்கும். ஒரு யூரோரீஜியன் வெறும் கூட்டக் குறிப்பேடாக இருக்கலாம், சங்கமாக இருக்கலாம், இஜிடிசியாகவும் இருக்கலாம். பலகையைப் பார்க்காமல் பதிவுச் சான்றைப் பாருங்கள்.

ஒன்றியத்தில் இல்லாத நாடு சேரலாமா?

2013 திருத்தத்துக்குப் பிறகு வழி எளிதானது. ஒரே ஒரு உறுப்பு நாட்டு உள்ளாட்சியும் வெளியே உள்ள பக்கத்து நாட்டு உள்ளாட்சியும் இருந்தாலே போதும். ஹங்கேரியின் ஒரு மாவட்டமும் உக்ரைனின் மேற்கு எல்லையில் உள்ள டிரான்ஸ்கார்பாத்தியாவும் சேர்ந்து 2015-இல் 'டிஸா' இஜிடிசியை இப்படித்தான் அமைத்தன.

பணம் யார் தருவது?

உறுப்பினர்கள் தரும் சந்தாவில் அலுவலகம் நடக்கும். பெரிய வேலைக்கு ஒன்றியத்தின் நிதி வேண்டும். 1990-இல் தொடங்கிய 'இன்டர்ரெக்' திட்டம் இதற்கென்றே இருப்பது. உண்மையைச் சொன்னால், பல கூட்டமைப்புகள் பிறந்ததற்குக் காரணமே இந்த நிதிதான். செர்தான்யா மருத்துவமனையின் கட்டடச் செலவில் 60 விழுக்காடு ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதியிலிருந்து வந்தது. நடத்தும் செலவை மட்டும் ஸ்பெயின் பக்கத்து வட்டாரமான கட்டலோனியா 60, பிரான்ஸ் 40 விழுக்காடு என்று பிரித்துக்கொள்கின்றன.

அமைப்பும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. இன்னும் என்ன சிக்கல்?

இதுதான் சரியான கேள்வி. பெரும்பாலானவர்கள் கேட்காத கேள்வியும் இதுதான்.

மேலே சொன்ன எல்லாச் சட்டங்களும் ஒரே விஷயத்தைத்தான் தீர்க்கின்றன: யார் கையெழுத்துப் போடலாம், யார் சேர்ந்து அமைப்பாகலாம். அந்த அமைப்பு எந்த விதிப்படி வேலை செய்ய வேண்டும் என்பது அப்படியே கிடக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் இன்னொரு விதி. கூட்டமைப்புக்கு ஒரு எழுத்தைக்கூட மாற்ற அதிகாரம் இல்லை.

மருத்துவமனைக்கே வருவோம். பிரெஞ்சுப் பக்கத்து மக்களுக்கு அதற்கு முன்னால் பெரிய மருத்துவமனை என்றால் பெர்பிஞான், சுமார் 100 கிலோமீட்டர் மலைப்பாதை. இப்போது சில நிமிடம். நல்லது. ஆனால் ஒரு பிரெஞ்சுத் தாய்க்கு அங்கே குழந்தை பிறந்தால், அது ஸ்பெயினில் பிறந்த குழந்தை. பதிவு, சான்றிதழ் எல்லாம் வெளிநாட்டுப் பிறப்புக்குரிய நடைமுறை. ஒருவர் அங்கே இறந்துபோனால், அடுத்த ஊரில் உள்ள வீட்டுக்கு உடலைக் கொண்டுபோவதுகூட நாடுவிட்டு நாடு சடலம் கொண்டுசெல்வதற்கான விதிகளுக்குள் வந்துவிடும். துக்கத்தில் இருக்கிற குடும்பத்துக்கு இதைவிட வேறு கொடுமை வேண்டுமா? 2017-இல் பிரான்சும் ஸ்பெயினும் சடலப் போக்குவரத்துக்கென்றே தனி ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. கட்டடம் கட்டியவர்களில் யாரும் இதை முதல் நாளே யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஸ்ட்ராஸ்பர்க் டிராம். 2017 ஏப்ரலில் அது ரைன் ஆற்றைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ரயில் நிலையம் வரை போனது. அடுத்த ஆண்டு கேல் நகர மன்றம் வரை. அந்தச் சின்னத் துண்டுக்காக, டிராம் வண்டிகள் பிரெஞ்சு விதி, ஜெர்மன் விதி இரண்டுக்கும் ஒத்துப்போகும்படி செய்யப்பட்டன. விளக்குகள் வரை.

பக்கத்து நாட்டு விதியையே அந்தச் சின்னத் துண்டுக்கு மட்டும் கடன் வாங்கினால் என்ன?

இதே யோசனைதான் லக்சம்பர்க் 2015-இல் ஒன்றியத் தலைமையில் இருந்தபோது வந்தது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2018 மே மாதம் அதைச் சட்டவரைவாகவே கொண்டுவந்தது: ஒரு குறிப்பிட்ட கூட்டு வேலைக்கு, நாடுகள் ஒத்துக்கொண்டால், பக்கத்து நாட்டின் விதியை இந்தப் பக்கமும் செலுத்தலாம். கேல் வரை பிரெஞ்சு டிராம் விதி. எனக்கு மிகவும் பிடித்த வரைவு அது. நாடுகளின் அமைச்சர்களுக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு நாட்டுச் சட்டம் நம் மண்ணில் செல்லுவதா என்றார்கள். 2021-இல் கிடப்பில் போனது.

2023 டிசம்பரில் ஆணையம் அதைத் தண்ணீர் கலந்து மறுபடி கொண்டுவந்தது. 2025 மே மாதம் நிறைவேறியது. 'பிரிட்ஜ் ஃபார் இயூ' என்று பெயர், ஒழுங்குமுறை எண் 2025/925. இதன்படி நாடுகள் விரும்பினால் ஒருங்கிணைப்பு மையம் வைக்கலாம். எல்லையோரத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது என்று உள்ளூர்க்காரர்கள் அங்கே கோப்புக் கொடுக்கலாம். மையம் ஆராய்ந்து பதில் சொல்லும். தீர்க்கலாமா வேண்டாமா என்பது நாட்டின் முடிவு. 'விரும்பினால்' என்ற சொல்தான் இந்தச் சட்டத்தின் உயிர்நாடியும் பலவீனமும். ஆனாலும், இத்தனை நாள் எந்த அமைச்சகத்தின் கதவைத் தட்டுவது என்றே தெரியாமல் அலைந்தவர்களுக்கு ஒரு கதவெண் கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

கோவிட் காலத்தில் இந்த அமைப்புகள் என்ன செய்தன?

எல்லையைத் திறந்துவைக்க முடியவில்லை, அது அவற்றின் அதிகாரத்திலேயே இல்லை. இத்தாலியின் கொரிட்சியாவும் ஸ்லோவேனியாவின் நோவா கொரிட்சாவும் இஜிடிசி வைத்திருக்கும் ஊர்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சதுக்கம், நடுவில் எல்லைக்கோடு. 2020 மார்ச்சில் அந்தச் சதுக்கத்தின் குறுக்கே வேலி போட்டார்கள். மக்கள் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசிக்கொண்டார்கள். அதே இரண்டு ஊர்களும் சேர்ந்து 2025-இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகராக இருந்தன, நடத்திய பொறுப்பில் அந்த இஜிடிசிக்கும் பங்கு உண்டு. அமைப்பு கலையாமல் இருந்தது, அதுவே பெரிய காரியம்.

எங்கள் ஊருக்கு எது சரி? எல்லாரும் இஜிடிசிதான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். வருடத்துக்கு நாலு கூட்டம், ஒரு சைக்கிள் பாதை என்றால் ஒப்பந்தத் தாள் போதும். ஜெர்மனி, போலந்து எல்லையில் ஃபிராங்க்ஃபுர்ட் அன் டெர் ஓடரும் ஸ்வூபிட்சேயும் பாலத்தைத் தாண்டிப் பேருந்து விடுகின்றன, வெப்பக் குழாய்களையே இணைத்துவிட்டன. இஜிடிசி இல்லாமலே. சொத்தும் நிரந்தர ஊழியர்களும் தேவைப்படும்போதுதான் தனி அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏற்கெனவே கார்ல்ஸ்ரூஹே போன்ற ஒப்பந்தம் இருக்கும் எல்லையில் அந்த உருவே பழகிய பாதை. இல்லாத எல்லையில் இஜிடிசி.

எதை எடுத்தாலும், உடன்பாட்டை எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யச் சொல்வேன். அந்தச் சேவையைப் பயன்படுத்தப்போகும் ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு, காலையில் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவது முதல் இரவு திரும்புவது வரை எந்தெந்த இடத்தில் எந்த நாட்டு விதி அவரைத் தொடுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருத்துவமனை என்றால் பிறப்பையும் இறப்பையும் விட்டுவிடாதீர்கள்.